இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்

எனக்கு ஏலக்காய் போட்ட டீ பிடிக்காது. ஸ்டேஷனுக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் கொடுக்கிறீர்கள். போடியில் இருந்துகொண்டு வெறும் டீ கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று உங்கள் ஏட்டு நினைக்கிறார் போலிருக்கிறது. நாற்பத்தொரு வருஷம் அந்தக் காயை உலர்த்தியவன் நான். நாளைக்கு ஏலக்காய் இல்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் டைப் அடித்துக் கொண்டுவந்த இரண்டு பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதில் ஒரு வரி தப்பு. மற்றதெல்லாம் சரி. எனக்குக் காது கேட்காது, உங்களுக்கு என்னிடம் வாயைக் காட்டி நிதானமாகப் பேசப் பொறுமை இல்லை. அதனால் தாளும் பேனாவும் கொடுத்து, தப்பு என்ன என்று நீரே எழுதும் என்கிறீர்கள். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொண்டு படியுங்கள். அடுத்தவன் எழுதியதில் கையெழுத்துப் போட்டு நிலத்தை விட்டவர்கள் என் ஊர் ராசிங்காபுரத்தில் நிறையப் பேர். நான் அந்த வரிசையில் நிற்க மாட்டேன்.

பெயர் காசிமாயன். வயது எழுபத்தொன்று. போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோரில் அடுப்புக்காரன். நீங்கள் பார்த்த கட்டடம்தான். இரண்டடிக் கல் சுவர், சன்னல் கிடையாது, மேலே நான்கு காற்றுத் துவாரம், ஒரே ஒரு இரும்புக் கதவு. அடுப்பு வெளியே இருக்கும். அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போய்த் தரையைச் சுற்றி வரும். பச்சைக்காய் அதில் உலரும். அடுப்பு எரியும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. வேலைக்கு வரும் யாருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது.

காது ஒரே நாளில் போகவில்லை. பக்கத்து அறையில் ஜெனரேட்டரும், காயைத் தேய்க்கும் மிஷினும் இருபத்தாறு வருஷம் ஓடின. அவ்வளவு சத்தத்தில் இருப்பவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அதனால் காது போனது எனக்கே தெரியாமல் போனது. இன்றைக்கும் எதிரே நிற்பவன் வாயைப் பார்த்தால் என்ன சொல்கிறான் என்று தெரியும். என் மகன் தேனியில் ஒரு காது மிஷின் வாங்கிவந்தான். போட்டால் குளவி கத்துவது மாதிரி இருந்தது. அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு அவன் வருவதில்லை. ஒரு மிஷினுக்காகக் கோபித்துக்கொள்கிறவன் தகப்பனைப் பார்க்க வந்தவன் இல்லை.

எஸ்டேட்டில் கரண்டு டிரையர் வந்ததும் பழைய ஸ்டோரைப் பூட்டி, சாவியை என்னிடம் விட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கணக்கப்பிள்ளை மகன் பாண்டித்துரை, ராக் பாட்டுக் கூட்டம் ஒன்று சேர்த்துக்கொண்டு வந்தான். பாட்டும் கிடாரும் அவன். பேஸ் கிடார் சின்ராசு. டிரம்ஸ் முத்துப்பிரியா, தேவாரம் ஊர்ப் பிள்ளை. கூட்டத்துக்குக் கருங்குளவி என்று பெயர். போடியில் எந்த மண்டபத்துக்காரனும் இடம் கொடுக்கவில்லை. குடும்பத்துக்குக் கெடுதி, மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்று என்னென்னமோ சொன்னார்களாம். அதே ஆட்கள்தான் பிறகு மாலை போட்டார்கள். அதற்கு வருகிறேன்.

முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன். முதுகில் ஏதோ இடித்தது. நிலம் அதிர்கிறது என்று எழுந்து நின்றேன். மலை அசையவில்லை. மறுபடி சாய்ந்தேன். முதுகெலும்பில் ஏறிப் பல்லில் வந்து உட்கார்ந்தது. ஆறு வருஷமாக எனக்குள் ஒரு சத்தமும் இல்லை. நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடித்தது முத்துப்பிரியா ஒருத்திதான். ஒரு நாள் வெளியே வந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு என் கையைப் பிடித்துக் கதவில் வைத்து, தன் உள்ளங்கையால் இரும்பில் தாளம் போட்டது.

“கேக்குதுல்ல தாத்தா?”

“ஏதோ ஆடுது.”

“ஏதோவா? ஊரே காதைப் பொத்துது, ஒங்களுக்கு ஏதோவா? சரி, பிடிச்சிருந்தா பாட்டு முடிஞ்சதும் வெளிய இருந்து மூணு தட்டுத் தட்டுங்க. நாங்க தெரிஞ்சுக்கிறோம்.”

நான் தட்டியதில்லை. சின்னப் பிள்ளைகளைப் பாராட்டினால் கெட்டுப்போவார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் உள்ளே கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டவில்லை.

அவர்களுடைய பாட்டில் ஒன்று ஜீப்புப் பாட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில், காய் எடுக்கப் போன பெண்களை ஏற்றிய ஜீப்பு கவிழ்ந்தது. ஒன்பது பேர் செத்தார்கள். முத்துப்பிரியாவின் அத்தை ஒருத்தி. குருவம்மாள் ஒருத்தி. குருவம்மாள் என் மனைவி. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதற்காக எழுதுகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பாட்டின் வார்த்தை எனக்குத் தெரியாது. அடி தெரியும். முதலில் தாறுமாறான வேகம். பிறகு ஒரு நிறுத்தம். பிறகு தனித்தனி அடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். கடைசியில் நிற்கும். ஜீப்பு உருண்டு பள்ளத்தில் அடங்குவது அப்படித்தான். மூன்று வருஷம் அதை முதுகால் கேட்டேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து ராம்பிரசாத் என்று ஒருவன் வந்தான். வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு வந்தவன். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று கடைசி வரை எனக்கு விளங்கவில்லை. எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி மாற்றினால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொன்னான். அதைச் சொல்ல ஒருவன் சென்னையிலிருந்து வந்தான், அதைக் கேட்க இவர்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏலம் விடுகிற மையத்துக்குப் போகும் காயில் ஒரு வேலை செய்வார்கள். வெளுத்துப்போன காயைப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். பார்க்கத் தளதளவென்று இருக்கும். அதே வேலையை ராம்பிரசாத் இவர்களுக்குச் செய்தான். கருங்குளவி போய்ச் சாரல் என்று பெயர் வந்தது. கறுப்புச் சட்டை போய்ப் பூப்போட்ட சட்டை வந்தது. சின்ராசு புல்லாங்குழல் ஊதக் கற்றுக்கொண்டான். மார்ச் மாதம் டிரம்ஸையே கழற்றி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தாளத்தை இனிமேல் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி போடுமாம். நானும் ஒரு கை பிடித்துத்தான் ஏற்றினேன்.

“பெரியவரே, இனிமே உங்க தலையில இடி விழாது. நிம்மதியா இருங்க” என்றான் ராம்பிரசாத்.

“இவருக்கெங்கண்ணே கேக்குது?” என்றான் சின்ராசு. “இடியே விழுந்தாலும் நம்ம தாத்தா நெருப்பு வந்துச்சுன்னு பீடியில்ல பத்தவைப்பாரு.”

முத்துப்பிரியா சிரிக்கவில்லை. “அவருக்கு ஒன்னவிட நல்லாக் கேக்கும்டா” என்றது.

அன்றைக்கு அவர்கள் உள்ளே பாடியபோது கதவில் சாய்ந்தேன். ஒன்றும் வரவில்லை. கன்னத்தை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஜீப்புப் பாட்டை மாற்றினார்கள். அதே பாட்டு, இப்போது காதல் பாட்டு. பாண்டித்துரை போனில் காட்டினான். மலைப்பாதையில் ஒரு ஜீப்பு. அதில் ஒரு பெண்ணும் பையனும். அவள் சால்வை காற்றில் பறக்கிறது. வளைவு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்களாம். நான் சத்தமில்லாமல் பார்த்தேன். சத்தமில்லாமல் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். பால் வற்றும் என்று சொன்ன மண்டபத்துக்காரன் அவர்களைக் கூப்பிட்டு மாலை போட்டான். இவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

பாண்டித்துரையை நான் எதுவும் கேட்கவில்லை. அவன் கணக்கப்பிள்ளை மகன், வேறு எப்படி இருப்பான். முத்துப்பிரியாவை மட்டும் கேட்டேன்.

“நீ எதுக்கு ஒத்துக்கிட்ட?”

“பழைய பாட்டை எங்கம்மா ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்ல தாத்தா, எந்திரிச்சுப் போயிரும். இதைக் கேட்டுட்டு உக்காந்து அழுதுச்சு. அத்தை அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே ஜீப்புல ஏறுனது ஞாபகம் வந்துச்சாம்.”

“அழுறதுக்கு வெங்காயம் போதும்.”

அந்தப் பிள்ளை தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தது. “எனக்கு இப்ப கை தட்டுறதுதான் சோலி” என்றது. வருத்தமாகச் சொன்னதா, வேடிக்கையாகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. வாயைப் பார்க்கிறவனுக்கு வார்த்தை கிடைக்கும், மற்றது கிடைக்காது.

இனி அந்த நாள். ஆடி மழை. காலை பதினொரு மணி. புதுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய வந்தார்கள். உள்ளே ஈரம் அதிகம், மைக்கெல்லாம் கெட்டுவிடும், கொஞ்சம் சூடு ஏற்ற முடியுமா என்று பாண்டித்துரைதான் கேட்டான். முந்தின நாளே போன் போட்டு எஸ்டேட் ஆளிடம் சொல்லியிருந்தான். அதனால் எனக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது. யோசிக்காமல் செய்தேன் என்று உங்கள் தாளில் இல்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நான்கு காற்றுத் துவாரத்தையும் முந்தின நாள் மத்தியானமே சாக்கு வைத்து அடைத்தேன். உள்ளே குழாயில் ஒரு இணைப்பு விட்டுக் கிடந்தது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. புகை கண்ணில் படாமல் எரியவைக்க எனக்குத் தெரியும். அன்றைக்கு அப்படித்தான் எரியவைத்தேன். எப்படி என்று எழுத மாட்டேன், நாலு பேர் படிக்கிற தாள் இது. ராம்பிரசாத் சாப்பாடு வாங்க ஜீப்பில் போடிக்கு இறங்கிவிட்டான். உள்ளே இருந்திருக்க வேண்டியவன் அவன்தானே என்று நீங்கள் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சாயம் விற்கிறவன் எங்கேயும் இருப்பான். முங்கிய காயைத்தான் தள்ள வேண்டும்.

கடைசியாக முத்துப்பிரியா உள்ளே போனது. “கதவ நல்லாச் சாத்திக்கங்க தாத்தா, மழைச் சத்தம் உள்ள வரக் கூடாது. வெரசா முடிச்சுட்டு வர்றோம்” என்றது. நான் சாத்தினேன். வெளித்தாழ்ப்பாளுக்குக் குறுக்கே கம்பியையும் போட்டேன். கல் சுவருக்குள் போன் எடுக்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பழக்கம்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. அதே பஞ்சுப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்திருப்பார்கள். பிறகு முதுகில் இடித்தது. மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. திரும்பி இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன், நெற்றியையும் வைத்தேன். இவ்வளவு பக்கத்தில் அது வந்ததே இல்லை. தாறுமாறான வேகம். மூன்று பேரும் சேர்ந்து அடித்தார்கள். பிறகு ஒரு நிறுத்தம். அதற்குப் பிறகு ஒரு ஆள் மட்டும். தனித்தனி அடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஜீப்புப் பாட்டு. ஒரு அடி பிசகவில்லை.

உங்கள் தாளில் தப்பான வரி இதுதான்: ‘உள்ளே இருந்தவர்கள் தங்களைக் காப்பாற்றும்படி கதவை நெடுநேரம் தட்டினார்கள், அது தெரிந்தும் நான் திறக்கவில்லை.’ திறக்கவில்லை என்பது சரி. தட்டினார்கள் என்பதை அடித்துவிட்டு, வாசித்தார்கள் என்று எழுதுங்கள். டிரம்ஸ் மார்ச் மாதமே போய்விட்டதே, எதில் வாசித்தார்கள் என்று ஓரத்தில் பேனாவால் எழுதிக் காட்டினீர்கள். கதவின் உள்பக்கம் எடுத்த போட்டோவையும் காட்டினீர்கள், அந்தப் பிள்ளையின் கைகளையும் காட்டினீர்கள். டிரம்ஸ் எதற்கு. அந்தப் பிள்ளை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியதே இந்த இரும்பில்தான். நான் மூன்று வருஷம் கேட்டவன். நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பாதியில் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நிறுத்திவிட்டு மறுபடி அந்தச் சாரலுக்கே போயிருப்பார்கள். கெட்டுப்போன மூன்று பேரையும் நான் கடைசியில் நல்லபடியாக ஒரு பாட்டு வாசிக்கவைத்தேன். மூன்று பேரைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நான் மறுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் தாளில் அது இல்லை. கடைசி அடிக்குப் பிறகு அடுத்தது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, நான் வெளியிலிருந்து மூன்று தட்டுத் தட்டினேன். நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் தட்டினேன். அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்கும். எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்.