கூப்பிட்டபோது வராத அவொக்காமார்

சபைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும், பிரெஞ்சுக் கோர்ட்டு வக்கீல்களான அவொக்காமாரே, சாரத்திலிருந்தும் வைத்திக்குப்பத்திலிருந்தும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, சர்வேசுரனுக்குத் தோத்திரம். நான் சூசைமேரி, காலஞ்சென்ற அவொக்கா தனிஸ்லாசின் அண்ணன் மனைவி. பள்ளிக்கூடம் அறியாதவள்; எழுதப் படிக்க அவரே கற்றுக்கொடுத்தார். அவருடைய வழக்குக் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தவள்.

கோயிலில் மாதாவை லத்தீனில் பாடும்போது ‘அவொக்கா’ போல ஒரு சொல் காதில் விழும். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“பக்கத்துல வந்து நிக்கக் கூப்பிடப்பட்டவங்கன்னு அர்த்தம் அண்ணி. அதான் பிரெஞ்சுல அவொக்கா ஆச்சு.”

“அப்போ வக்கீல்?”

“அது அரபிலேர்ந்து வந்தது. காரியத்த நம்பி ஒப்படைக்கப்பட்டவன். ரெண்டுலயும் பேசறவன்னு சொல்லவே இல்ல, பாத்தீங்களா? நாங்கதான் ஓயாம பேசறோம்!”

அந்த அர்த்தமாகவே வாழ்ந்தார் எங்கள் தனிஸ்லாஸ்! வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் ஏற்றும் கரையை ஒரு வியாபாரி கிடங்கு கட்டக் கேட்டு வழக்குப் போட்டபோது, அந்தக் கரை மீனவர் உத்திராபதி வந்து கூப்பிட்டார். அன்றே வெறுங்காலோடு மணலில் போய் நின்றார். யாருக்கு வரும் அந்த மனம்?

1935 ஆகஸ்ட்டு ஒன்பதாம் தேதி விசாரணை. காய்ச்சலில் அவரால் எழ முடியவில்லை. ஓர் அவொக்கா படுத்துவிட்டால் இன்னொருவர் அங்கி போட்டுப் போய் வாய்தா கேட்பது உங்கள் வழக்கம்தானே? இந்த மேடையில் இருக்கும் மூவருக்கு, அவர் சொல்லச் சொல்ல, நான்தான் சீட்டு எழுதினேன். மூவரும் “சரி” என்று சொல்லியனுப்பினீர்கள். ஒருவரும் போகவில்லை! கேட்க ஆளில்லாமல் கரை வியாபாரிக்கே என்று தீர்ப்பாயிற்று.

மாலையில் உத்திராபதியின் மனைவி ரஞ்சிதம் வாசலில் நின்று கத்தினாள்:

“ஏம்மா, எங்க வக்கீலு படுத்துக் கெடக்காருன்னு சொல்ல ஒரு நாதியில்லையா? எல்லா அங்கியையும் ஒரே நாள்ல தொவைக்கப் போட்டுட்டாங்களா?”

உள்ளே படுத்திருந்தவருக்கு அது கேட்டது.

“மூணு பேருமா வரல, அண்ணி?”

நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்கு முதல் நாள் போய்விட்டார்.

இன்று அவரை மாணிக்கம் என்கிறீர்கள், சகோதரன் என்கிறீர்கள். சகோதரர்கள் செய்கிற காரியமா அது? அந்த வியாபாரி உங்களிடம் என்ன சொன்னார், ஏது சொன்னார், எனக்குத் தெரியாது; ஆண்டவருக்குத் தெரியும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லும் நேரம் இது. அப்பீல் செய்ய வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. சாவதற்கு முந்தின நாள் அவர் மூச்சு வாங்கிச் சொல்ல, நான் எழுதிய மனு இதோ. உத்திராபதியும் ரஞ்சிதமும் கதவோரம் நிற்கிறார்கள். ஓர் அவொக்காவின் கையெழுத்து மட்டும் பாக்கி. படத்துக்கு மாலையைப் பிறகு போடலாம். யாராவது எழுந்து வரும்வரை நான் உட்காரப் போவதில்லை.