கிரீம் கோடு

மேனகா அக்கா, நல்லா இருக்கியா. பெங்களூர்ல எனக்கு சாப்பாட்டுக்கு ஒன்னும் கொறையில்ல. ராகி முத்தேன்னு குடுக்கறாங்க, நம்மூரு களியேதான், உப்பு மட்டும் இருக்காது. ரூம்ல இருக்கறவங்க டூட்டிக்குப் போயிட்டாங்க, கதவ சாத்திட்டுத்தான் பேசறேன். வாய்ஸா அனுப்பினா மாமா காதுல விழுந்துரும். அதான் நான் பேசப் பேச போனே எழுத்தா மாத்திக்கற மாதிரி வெச்சிருக்கேன். எழுத்துன்னா நீ மட்டுந்தான படிப்ப.

நேத்து நீ போன்ல சொன்னதயே நெனச்சிக்கிட்டு இருக்கேன். வர்ற அமாவாசைக்கு மாமாவ தீர்த்தமலைக்கு ஏத்திட்டுப் போயி, கள்ளச்சாராயம் குடிச்சித்தான் கண்ணு போச்சின்னு சாமி முன்னாடி அவரு வாயாலயே ஒத்துக்க வெப்பேன்னு சொன்ன. ஒத்துக்கலன்னா சித்தேரியில அவங்கண்ணன் வூட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவேன், இனிமே எம்மூஞ்சியில முழிக்க வேணாம்னு சொன்ன. அப்புறம் சிரிச்சிக்கிட்டே கேட்ட.

"அவரு என்னமோ ஃபேனு ஃபேனுன்னு ஒளர்றாருடா சத்யா. என்னடா அது?"

தெரியலக்கான்னு சொன்னேன். தெரியும். பதறாம படி.

நானும் மாமாவும் வேல பாத்த மாதவராஜ் சார் கம்பெனின்னா பாப்பாரப்பட்டி ரோட்டுல போறவங்களுக்கு பொம்ம கம்பெனி. நீ கூட, எங்கூட்டுக்காரரு பாப்பாவுங்க வெளயாட ரயிலு செய்யறாருன்னு சொல்லுவ. வாங்கறவங்க ஒருத்தரும் பாப்பா கெடையாதுக்கா. புனேல ஒரு டாக்டரு, ஆஸ்திரேலியாவுல ஒரு ஜட்ஜு, ஜெர்மனியில ரிட்டயர் ஆன ஒரு பெரியவரு. வூட்டுக்குள்ளாறயே தண்டவாளம் போட்டு, பாலங்கட்டி, ஸ்டேஷன் கட்டி ஓட்டறவங்க. இன்ஜின் கைக்கு வந்ததும் லென்ஸ் வெச்சி ஒவ்வொரு ஆணியா பாப்பாங்க. நம்ம நாட்டு டீசல் இன்ஜின உள்ளங்கை அளவுல, ஒரு நெளிவு மாறாம செய்யறது மாதவராஜ் சாருதான்னு அவங்களுக்குள்ள ஒரு பேரு உண்டு. மாசக்கணக்குல காத்திருந்து வாங்குவாங்க.

அந்தப் பேரே மாமாவால வந்ததுதான். நீல இன்ஜின் நடுவுல கிரீம் கலர்ல ஒரு கோடு ஓடுமில்ல, அத அவரு அடிச்சாத்தான் ஒத்துக்குவாங்க. மொரப்பூர் ஸ்டேஷன் பெஞ்சியில போயி ஒக்காருவாரு. வர்ற இன்ஜின கண்ணால பாத்துட்டு வந்து, கலர் அட்ட எதயும் பாக்காம கலக்குவாரு. அவங்க குரூப்புல அதுக்கு மாமா பேரயே போட்டு திருமால் கிரீம்னு பேரு வெச்சிட்டாங்க. புது இன்ஜின் வந்தா மொதல் கேள்வியே, திருமால் அடிச்சதா. அந்தக் கோட்டுக்கு டேப் ஒட்டிக் குடுக்கறது நான். டேப்பு கோணுனா கோடும் கோணலாத்தான் வரும். அத ஒருத்தனும் எழுதல. அதனால என்னா, நான் அதுக்கெல்லாம் வருத்தப்படற ஆளு இல்ல.

போன சித்திரையில இந்த பெங்களூர் கம்பெனிக்காரங்க மாமாவ இதே வேலைக்குக் கூப்பிட்டாங்க. கையில இருக்கற ஆர்டர முடிச்சிட்டு மழக்காலத்துல வரேன்னு அவரு சொல்லிட்டாரு. நீயும் பாத்திரத்தெல்லாம் சாக்குல கட்ட ஆரம்பிச்சிட்ட. ஆத்தா மலையில ஒண்டியா கெடக்குமேன்னு உனக்குத் தோணல. வூட்டுல யாராச்சும் ஒருத்தரு யோசிக்கணுமில்ல. நான் யோசிச்சேன்.

பெயிண்ட் ரூமுக்கு சன்னல் கெடையாது, தூசி விழும்னு. பெயிண்ட்ட எளக்கற தின்னர்ல கள்ளச்சாராயத்துல இருக்கற அதே வெசம் உண்டு, அந்த வாடைய இழுத்து வெளிய தள்ள ஒரு பெரிய ஃபேனு இருக்கும். அதோட ஃபில்டர மாத்தறது என் வேல. மாத்தறத நிறுத்தினேன். அப்புறம் இன்ஜின் பேக் பண்ற அட்டைய அளவா வெட்டி ஃபேனுக்குப் பின்னாடி சொருவுனேன். ஃபேன் ஓடுச்சி, சத்தம் எப்பவும் போலத்தான் வந்துச்சி. காத்துதான் போகல. மூஞ்சியில மாட்டற மாஸ்க்குல வாடைய வடிகட்டற டப்பா ஒன்னு இருக்கும், அத புதுசா மாத்தச் சொல்லி எங்கிட்டத்தான் குடுப்பாரு. பழசையே தொடச்சி மாட்டிக் குடுத்தேன். அவரு ஒரு நாளும் திருப்பிப் பாக்கல. மச்சினன் மாட்டிக் குடுத்தத எதுக்குப் பாக்கப்போறாரு.

ஆனியில தலைய சுத்துதுன்னாரு. வாடை ஜாஸ்தியா இருக்குல்லடான்னு கேட்டாரு. எனக்கு ஒன்னும் வரலியேன்னேன்.

"வயசாகுதுங்க மாமா."

"உங்கக்காகிட்ட சொல்லிக்கில்லித் தொலைக்காதடா. வேற மாப்ள பாத்துருவா."

சிரிச்சிட்டு மறுபடியும் உள்ள போயி கதவ சாத்திக்கிட்டாரு. நான் டீ வாங்கியாந்து குடுத்தேன். அந்த மாதிரி விசயத்துல நான் ஒரு கொறையும் வெக்கல.

கண்ணு ஒரே நாள்ல போறதில்லக்கா. கலருதான் மொதல்ல போகுது. அவருக்கே தெரியறதுக்கு முன்னாடி ஜெர்மனிக்காரருக்குத் தெரிஞ்சிருச்சி. இந்தத் தடவ வந்த கிரீம் லேசா பச்சையடிக்குது, திருமாலுக்கு உடம்பு சரியில்லையான்னு குரூப்புல கேட்டிருந்தாரு. மாதவராஜ் சாரு பொறாமையில எழுதறாங்கன்னு விட்டுட்டாரு. மாமாவுக்கு மட்டும் ஒரு பயம். அன்னையிலேர்ந்து கலக்கி முடிச்சதும் கிண்ணத்த எங்கிட்ட நீட்டுவாரு. சரியா இருக்கான்னு பாருடா, நீ சொன்னா அடிக்கறேன்னுவாரு. நானும் பாப்பேன். கொளத்துப் பாசி மாதிரி இருக்கும். அச்சு அசலா இருக்குதுங்க மாமான்னு சொல்லுவேன்.

ஆவணியில இன்ஜினெல்லாம் பெட்டி பெட்டியா திரும்பி வந்துச்சி. சாரு எல்லாரையும் நிக்க வெச்சி, ஒன்ன எடுத்து மாமா மூஞ்சிக்கு நேரா புடிச்சாரு.

"இது என்னா கலரு, திருமாலு?"

"கிரீம்தானுங்க சார்."

பேக்கிங்ல இருக்கற பொம்பளைங்க பக்குன்னு சிரிச்சிட்டாங்க. அந்தப் பச்சைய யாரு பாத்தாலும் சிரிப்பு வரும். மாமா எம்பக்கம் திரும்பி, நீ பாத்தல்லடா, சாருகிட்ட சொல்லுன்னாரு. நான் நிக்கறேன்னு நெனச்ச பக்கமா கைய நீட்டிக்கிட்டு நின்னாரு.

"நான் டேப் ஒட்டறவனுங்க சார். கலரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க," அப்படின்னேன்.

நீட்டுன கைய அவரு ரொம்ப நேரம் எறக்கவேயில்ல.

புரட்டாசி கடைசியில முழுசா இருட்டிருச்சி. சேலத்துக்கு நாந்தான கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா நல்ல மாதிரி, வேலை செய்யற எடத்துல காத்து வசதி உண்டான்னு மொதல் கேள்வியே அதான் கேட்டாங்க. பெரிய ஃபேனு இருக்குதுங்க, நாள் பூரா ஓடுதுங்கன்னேன். அதுல பொய்யி எதுவும் இல்ல. அப்படின்னா சாராயம் கீராயம் குடிப்பாரான்னு கேட்டாங்க. நான் குடிப்பாருன்னு சொல்லல. தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னேன், அவ்ளோதான். மீதிய அவங்களே எழுதிக்கிட்டாங்க. வூட்டுக்கு வந்து நீ எங்கிட்ட கேட்டப்பவும் அதே மாதிரிதான் நின்னேன். அந்த வாரமே ஃபேன சுத்தம் பண்ணி, அட்டைய டீக்கடை அடுப்புல போட்டுட்டேன்.

அவரு குடிக்கலக்கா. ஒரு சொட்டு கூட குடிக்கல. அவரு கண்ண எடுத்தது நாந்தான். மலை ஏறுனாலும் அவரு வாயிலேர்ந்து வேற வராது, ஏன்னா அவரு சொல்றதுதான் நெசம். சித்தேரியில கொண்டுபோயி விட்டுறாத. படிச்சிட்டு இத அழிச்சிரு.

எம்மேல கோவம் வரும், வரட்டும். ஆனா கொஞ்சம் நெதானமா யோசிச்சிப் பாரு. நீ ஊரவிட்டுப் போகல. ஆத்தா இப்ப உங்கூடத்தான் இருக்குது. மாமாவும் வாசலத் தாண்டறதில்ல. நான் நெனச்சது நடந்துருச்சி. பெங்களூர்ல அந்த எடம் காலியாவே கெடந்துச்சி, நான் வரலைன்னா எவனோ ஒருத்தன் வந்திருப்பான். நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்னுதான் வந்தேன்.

கிரீம் கோடு இப்ப நாந்தான் அடிக்கறேன். ஜெர்மனிக்காரரு பழைய திருமால் மாதிரியே இருக்குதுன்னு எழுதியிருக்காரு. அந்த 'மாதிரியே'ங்கற வார்த்தைய மட்டும் சீக்கிரம் மறந்துருவாங்க. நான் அடிச்ச மொத இன்ஜின உனக்கு பார்சல் போட்டிருக்கேன். அடியில தகட்டுல சத்யராஜ்னு எம்பேர அடிச்சிருக்காங்க, எழுத்து நல்லா மேடா இருக்கும். மாமா கையில குடு. வெரலால தடவிப் பாத்தாருன்னா அவருக்கே தெரியும். சந்தோசப்படுவாரு.