போடியார் வீட்டுக் கலர்க் கண்ணாடி

— றஸ்மி, ஏணியில நிண்டு இப்பிடி ஆடினீங்க எண்டா நாளைக்கு நூலகம் திறக்கிறதுக்குப் பதிலா உங்கட காலுக்குக் கட்டுப் போடத்தான் போகணும்.

— ஏணி ஆடல்ல, நிப்லா மிஸ். வல்லாஹி, எண்ட நெஞ்சுதான் ஆடுது. பத்து நாளைக்கு முதல் என்னக் கலியாணம் முடிப்பீங்களா எண்டு கேட்டனே, பதில் எங்க?

— எல்லா லைட்டும் எரியட்டும், பொறகு சொல்றன் எண்டனா இல்லையா?

— வாசல் பக்கம் எல்லாம் பொழுதுபட்ட மஃரிப்ல இரிந்து எரியுதே! இந்த நடு மண்டபத்துல ஒண்டே ஒண்டுதான் மிச்சம். ஒரு ஆணிகூட அடிக்க உடாம, வயரையெல்லாம் கூரை வளை மரத்துக்கு மேலால இழுக்க வெச்சீங்க. வல்லாஹி, மனிசன் பல்லியாகிட்டன்.

— வயல்காரப் போடியார் கட்டின நூறு வருசத்துச் சுண்ணாம்புச் சுவரு, ஆணி அடிச்சாப் பொரிஞ்சு கொட்டிரும். வெளிச்சம் புத்தகத்துல விழணும், படிக்கிற புள்ளட கண்ணுல விழப்படாது. சும்மா கதச்சிக்கி நிக்காம அந்த பல்பப் பூட்டுங்க.

— பூட்டுறன். நூலகச் சபைத் தலைவர் நாலு டியூப் லைட் போதுமெண்டு நிண்டாரே, அவர்ர பேச்சக் கேட்டிருந்தா எண்ட முழங்கால் தப்பியிருக்கும்.

— டியூப் லைட் போட்டா போடியார் வீடு மருந்துக்கடையாகிரும். அது இரிக்கட்டும். உங்கட உம்மா என்ன சொன்னாங்க?

— உம்மாவா? வழமையாக் கேக்கிறதுதான். பொண்ணுக்கு வீடிரிக்கா எண்டாங்க.

— பாத்தீங்களா! வாப்பாக்கிட்ட இரிந்த ஒரு வீடும் மூத்தவ றுக்ஸானா றாத்தாட கலியாணத்தோட அவக்குப் போயிட்டு. மாப்பிள வந்து குடியேற எனக்கெண்டு ஒரு செங்கல்லும் இல்ல. ஊரார்ர வீட்டுக்கெல்லாம் லைட் போட்டுக்கித் திரியிறன்.

— எனக்கு வீடு வேணாம் மிஸ். வாடகைக்கு எடுப்பம். உம்மாக்கும் அதச் சொல்லிப் போட்டன்.

— சொல்லிட்டீங்களா? மெய்யாவா?

— வல்லாஹி சொன்னன். மூண்டு நாளா வீட்டுல எல்லாருக்கும் மீன் ஆணம், எனக்கு மட்டும் வெறும் சோறு.

— சும்மா இரிங்க, சிரிப்புல ஏணிய உட்டுருவன்! பூட்டியாச்சா? சுவிச்சப் போடுறன், பிஸ்மில்லாஹ்... றஸ்மி! மேல பாருங்க, கூரை எவ்வளவு உயரம்! இந்த வீட்டுல ஒரு நாளும் இது தெரிஞ்சதில்ல!

— மாஷா அல்லாஹ்! அங்கால சன்னல் கலர்க் கண்ணாடியால சிவப்பும் பச்சையும் றோட்டு வரைக்கும் போகுது மிஸ். ஆ, கேற்றடியில ஓட்டோ ஒண்டு நிக்குது. ஒண்டில்ல, மூண்டு!

— இந்த நேரத்துல ஆரு?

— பொம்புளயள் எல்லாம் மினுங்கல் சாரி. கூட வந்த ஆம்புள ஒருத்தர்ர கையில பரிசுப் பெட்டி, கடையில இப்பதான் சுத்தியிருக்காரு போல.

— பரிசா? திறப்பு விழா நாளைக்கெல்லோ!

— மிஸ், நம்மட ஊருல ஒரு வீடு இப்பிடி எரிஞ்சா என்ன நடக்குது? பொண்ணு வீடு! மாப்பிள வரப் போறாரு! சனம் கலியாணமெண்டு நினச்சிட்டுது!

— அல்லாஹ்வே! போய்ச் சொல்லுங்க, இறங்குங்க!

— இறங்க மாட்டன்! முன்னுக்கு வாறது எண்ட உம்மா!

— அஸ்ஸலாமு அலைக்கும்! என்ன வடிவு, என்ன வடிவு! நூலகமாக்க முதல் ஆரோ கலியாணத்துக்கு எடுத்திட்டாங்களாம், சந்தியெல்லாம் இதான் கத. இஞ்ச வேல செய்யிற எண்ட மகன் ஒரு வார்த்த சொல்லல்ல! நான் சபியா உம்மா. சொல்லாட்டியும் வந்திட்டன்.

— வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க, வாங்க.

— இந்த வெளிச்சமெல்லாம் ஆர்ர வேல புள்ள?

— எண்ட வேலதான்.

— உண்ட வேலயா? சுபுஹானல்லாஹ்! இப்பிடி ஒரு புள்ள வந்தா வாடக வீடும் மாளிகையாகிருமே! சரி, கெதியாச் சொல்லு புள்ள, பாத்துப் போட்டுப் போவம். பொண்ணு எங்க? மாப்பிள எங்க?

— பொண்ணு நான்தான், மாமி. மாப்பிள ஏணியில நிக்காரு.