பொண்ணு கலர்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். ஐந்தாவதுவரைதான் படித்தேன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தி.நகரில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு தாயும் மகளும். கல்யாணப் புடவை எடுக்க வந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள அம்மா போன்ல, பொண்ணு கலர் இன்னான்னு கேட்டாங்க. மாம்பழ மஞ்சள்னு சொல்லிட்டேன்டி."

"புடவையக் கேக்கலம்மா. என் தோலக் கேட்டாங்க."

"அதான் அவ்ளோ சிரிச்சாங்களா?"

மகள் போனைக் காட்டினாள். "மேடை, பூ, புடவை எல்லாத்துக்கும் இந்த நாலு கலர்தானாம். இதுலதான் நான் கொஞ்சம் வெளுப்பாத் தெரிவேனாம்."

"இன்னாடி, எல்லாம் சாம்பலாட்டம் கீது? மஞ்சளே காணோம்."

"மஞ்சள் கட்டுனா கருவாடு கணக்கா இருப்பேனாம்."

"அந்தம்மா வாயி அப்படி. மாப்ளகிட்ட சொல்லு. அவுரு நல்ல மாதிரி."

"இத அனுப்புனதே அவுருதாம்மா."

தாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பத்திரிகை குடுத்தாச்சேடி. ஆவணி மொத முகூர்த்தம்."

சாந்தோமில் இருவரும் இறங்கினார்கள்.

எழுதியது: ஆவணி முதல் முகூர்த்த நாள், காலை.