ரெண்டு ஹாரன்

ஆமாய்யா, நீங்க சொன்ன பேருதேன். எங்க வீட்டுக்காரவுக. வீட்டுல இல்ல. திருச்சுழியில இருந்து சைக்கிள்லயா வந்தீக, இந்த வெயில்ல? நெழலுக்கு வந்து நில்லுங்க. நான் இந்த ரோட்ட விட்டு நகர முடியாது.

இதுவா? தூக்குச்சட்டி. சோறு வச்சிருக்கேன். யாருக்குன்னு சொல்றேன், பொறுங்க.

நீங்க மதுரைச் சங்கத்து ஆளு, இங்கன நடந்தது முழுசாத் தெரியாது. அருஞ்சுனைன்னு ஒரு பஸ் டிரைவரு, எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கூட்டாளி. போன ஐப்பசியில பிரேக்கு பிடிக்காம ஓடைப் பாலத்துல வண்டியோட கீழ போயிட்டாரு. ஏறியிருந்தவுக காயத்தோட தப்பிச்சாக, அவரு போயிட்டாரு. மொதலாளி அதே வண்டியத் தூக்கி நிப்பாட்டி, பெயிண்டு அடிச்சு, இவுக கையில குடுத்தாரு.

அதுக்குப் பெறகுதேன் இவுக சங்கம்னு கெளம்புனாக. வீரசோழன் ஹனீபா அண்ணன், அவரு கண்டக்டரு, இன்னும் நாலு பேரு, எங்க வீட்டுல உக்காந்து மனு எழுதுனாக. பிரேக்கு மாத்தணும், ஒரே ஆளப் பதினாறு மணி நேரம் ஓட்டச் சொல்லக்கூடாது, அம்புட்டுத்தேன். நான் காப்பி போட்டுக் குடுத்தேன். பொய் எதுக்கு, எனக்குப் பெருமையா இருந்துச்சு.

மொதலாளி மசியல. ஸ்ட்ரைக்குன்னு எல்லாரும் வண்டிய நிறுத்துனாக. இன்னையோட பதினோரு நாளு.

இங்கிட்டு ஒரு வழக்கம் இருக்குய்யா. வேலைக்குச் சேரும்போதே டிரைவரு லைசென்ச மொதலாளி வாங்கி பீரோவுல வச்சுக்கிருவாரு. இந்த மனுசன் ஊருக்கெல்லாம் மனு எழுதுனாக, அதத் திருப்பி வாங்கணும்னு தோணல பாருங்க. கமுதிப் பக்கம் வேற வேலைக்குப் போனா லைசென்ஸு எங்கன்னு கேக்குறாக. கேட்டுவிட்டா மொதலாளி கிழிச்சுப்புடுவேன்னு சொல்லிவிடுறாரு. எட்டு வருசம் கிளீனரா கெடந்து வாங்குனதுய்யா.

கேஸு போட்டு வாங்கலாம், சரி. பஸ்ஸையெல்லாம் சர்க்காரு எடுத்துக்கப் போகுது, அதுஞ்சரி. அதுவரைக்கும்?

இல்லய்யா, எங்க வீட்டுக்காரவுக சங்கத்துல யாரையும் காட்டிக் குடுக்கல. அப்படி ஒரு வார்த்த சொல்லாதீக.

இருங்க. கேக்குதா? ஒண்ணு. ம், ரெண்டு. ஓடைத் திருப்பத்துல ரெண்டு ஹாரன் அடிச்சா அவுகதேன். சோத்தக் கொண்டான்னு அர்த்தம். இன்னைக்கு அடிப்பாகளோ மாட்டாகளோன்னு இம்புட்டு நேரமா நின்னேன்.

ஆமா, ஓடுது. காலையில இருந்து ஓடுது. மொதலாளி வாசல்ல போயி விழுந்தது நாந்தேன், இவுகளுக்குத் தெரியாம. வண்டி எடுப்பாகன்னு எம்மக கஸ்தூரி தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணிட்டேன். பிள்ள மேல சத்தியம் கெடக்குறப்ப எந்தத் தகப்பன்யா வீட்டுல இருப்பான்? லைசென்ச வாங்கிச் சட்டப்பையில வச்சுக்கிட்டுப் போனாக. நான் போட்ட காப்பியத் தொடல. எனக்கு வேற வழி தெரியலய்யா.

சைக்கிள அங்கிட்டு எடுத்துக்கங்க. நீங்களும் தள்ளி நில்லுங்க. வண்டி நிக்காது, கூடவே ஓடித்தேன் குடுக்கணும். அருஞ்சுனை ஓட்டுன வண்டிதேன். பிரேக்கு இன்னும் மாத்தல.