ஹோசியா பெட்வே உட்காரவைத்தவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரித் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கோச்சின் துணைவியார் சகோதரி வெர்னா பெட்வே அவர்களே, பழைய வீரர்களே, புதிய வீரர்களே, மிசிசிப்பி டெல்டாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் திரண்டு வந்திருக்கும் மவுண்ட் பிஸ்கா கல்லூரிக் குடும்பத்தாரே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆகஸ்டஸ் டில்மனின் வணக்கம்.

நான் பேசத் தெரிந்தவன் அல்ல, ஊதத் தெரிந்தவன். இந்தக் கல்லூரியின் இசைக்குழுவை நடத்தியே தலை நரைத்தவன். போதகர் என்னிடம் “ஐந்து நிமிடம்தான்” என்றார். ஐயா, நம்மை விட்டுப் போன கோச் ஹோசியா பெட்வே என்னைத் திட்டிய திட்டுகளைச் சொல்லி முடிக்கவே அந்த ஐந்து நிமிடம் போதாதே!

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! அழுது வடிகிற கூட்டத்தை அவருக்குப் பிடிக்காது. இடைவேளையில் என் பிள்ளைகள் பூட்ஸ் காலோடு மைதானத்தில் அணிவகுத்து ஆடுவார்கள். மழை பெய்திருந்தால் போச்சு, கோச் என் மேல் பாய்வார். “யோவ் டில்மன்! உன் பட்டாளம் என் புல்லையெல்லாம் உழுதுட்டுப் போகுதுய்யா!” என்பார். “உழுதா நல்லதுதானே கோச்? நீங்க விதைக்கிறதுதான் ஒண்ணும் முளைக்க மாட்டேங்குது!” என்பேன் நான். அந்த வருஷம் நாங்கள் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அன்பர்களே, பந்தைக் கையால் எறிந்து, முட்டி மோதி ஆடுகிற நம் கால்பந்தில் ஒரு கல்லூரி கோச் எப்போது பெரிய கோச் ஆகிறார்? கோப்பைகளை அடுக்கி வைத்தாலா? அவர் பெயரை அரங்கத்துக்கு வைத்தாலா? பெரிய பெரிய கல்லூரிகள் மாளிகை தருகிறோம், வா வா என்று கூப்பிட்டாலா? கோப்பை நமக்கும் வந்தது, நானும் அதில் சோடா ஊற்றிக் குடித்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த பதில் வேறு. அது நாம் கார்வர்டேல் கல்லூரியிடம் தோற்ற நாளில் எனக்குக் கிடைத்தது.

கார்வர்டேல் என்றதும் பின்வரிசையில் யாரோ பல்லைக் கடிக்கிறார்கள். கடியுங்கள், தப்பே இல்லை! பரம்பரைப் பகை அது. அந்த வாரம் கெளுத்தி மீன் வறுவல் விருந்தில், அன்றைய ஆட்சிக்குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் கோச்சிடம் சொன்னார். பெயர் வேண்டாம், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். “ஹோசியா, இந்த சனிக்கிழமை தோத்தீங்கன்னா, திங்கக்கிழமை பெட்டியைக் கட்டிக்கலாம்” என்றார். கோச் வாயிலிருந்த மீனை மென்று விழுங்கிவிட்டு, “முள்ளு ஜாஸ்தியா இருக்குங்க” என்றார். அவ்வளவுதான். ஆனால் அப்போது சகோதரி வெர்னா நிறைமாதம். வீடோ கல்லூரி கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயம் அவர் கண்ணில் இருந்ததை நான் பார்த்தேன்.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நாம் நான்கு புள்ளி பின்னால் இருக்கிறோம். நம் நம்பிக்கையெல்லாம் ஒருவன்தான். பந்தை எறிகிற நம் குவாட்டர்பேக், கொர்னீலியஸ் பூன். அவன் எறிந்தால் பந்து போய்ச் சேருகிற இடம் கடவுளுக்கும் அவனுக்கும்தான் தெரியும்! அவனைக் கார்வர்டேல்காரன் ஒருத்தன் மலைமாதிரி வந்து மோதினான். கொர்னீலியஸ் விழுந்தான், எழுந்தான், உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக நடந்துபோய் உட்கார்ந்தான். எங்கே? எதிரணியின் பெஞ்சில்! அங்கே உட்கார்ந்து தண்ணீரும் கேட்டான். அரங்கமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். கோச் மைதானத்தைக் கடந்து போய் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள்? மயக்கம் தெளிவிக்கிற உப்பை மூக்கில் நீட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “போடா சிங்கம்” என்று அனுப்பிவிடுவார்கள். கோச் அவன் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உங்கம்மா பேர் என்ன?”

“கோச், விடுங்க, நான் ஆடுறேன். ஜெயிச்சுருவோம் கோச்.”

“ஆடலாம்டா ராசா. அம்மா பேரைச் சொல்லிட்டு ஆடு.”

பையன் யோசித்தான். உதட்டை அசைத்தான். வரவில்லை, ஐயா. பெற்ற தாயின் பெயர் வரவில்லை!

கோச் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் இசைக்குழுவின் வரிசைக்கு ஏறி வந்தார். டூபா என்கிற எங்கள் பெரிய பித்தளை ஊதுகருவியின் வாய்க்குள் ஹெல்மெட்டைத் திணித்தார். “டில்மன், இதை வெச்சுக்கோ. யார் கேட்டாலும் குடுக்காதே. நான் வந்து கேட்டாலும் குடுக்காதே” என்றார். ஹெல்மெட் இல்லாமல் எவனும் மைதானத்தில் இறங்க முடியாது. கீழே கொர்னீலியஸ் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடுகிறான். மேலே ஆட்சிக்குழுத் தலைவர், “எறக்குய்யா அந்தப் பையனை!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். நம் ஜனங்களும் கத்தினார்கள். ஏன் தலையைக் குனிகிறீர்கள்? உங்களில் பலர் கத்தினீர்கள், என் காது நன்றாகக் கேட்கும்!

சகோதரி வெர்னா, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கே தெரியாது. ஆட்டம் முடியப் போகிறது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். ஒரே ஒரு எறி, வெற்றி நமக்கு. அப்போது கோச் படியேறி வந்தார். முகமெல்லாம் வியர்வை. கையை நீட்டினார்.

“குடு டில்மன்.”

“முடியாது.”

“யோவ், என் பொழப்பே போவுதுய்யா! குடுய்யா!”

“நீங்க கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான். கீழே இறங்குங்க!”

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு நீட்டிய கையாலேயே என் தோளை அழுத்திவிட்டு இறங்கிப் போனார். ஆசை இல்லாத மனிதர் என்று அவரைப் புகழ நான் வரவில்லை. ஆசையும் பயமும் எல்லோரையும் போல அவருக்கும் இருந்தன. ஆனால் அவை எப்போது வந்து கதவைத் தட்டும் என்று தெரிந்து, முன்னாலேயே பூட்டைப் போட்டுச் சாவியை இன்னொருவன் கையில் கொடுத்தார் பாருங்கள், அதுதான் பெரிய கோச்சுக்கு அடையாளம்! யார் அங்கே “ஆமென்” என்றது? இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!

மாற்று வீரன் எறிந்தான். பந்து தரையில் விழுந்தது. தோற்றோம். அன்று இரவே ஜாக்சன் மருத்துவமனையில், கொர்னீலியஸின் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு அடி பட்டிருந்தால் பிள்ளையைப் பெட்டியில்தான் கொண்டு வந்திருப்போம் என்றார் டாக்டர். அப்படியிருந்தும், திங்கட்கிழமை காலையில் கோச்சின் வேலை போயிற்று.

போய்விட்டதா? மத்தியானம் கொர்னீலியஸின் தாய் ஈடா மே பூன் வந்தார். மீன் ஆலையிலிருந்து ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக அப்படியே வந்தார். தனியாகவா வந்தார்? அணியில் இருந்த பிள்ளைகளின் தாய்மார்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தார்! கல்லூரித் தலைவரின் அறை வாசலில் மூச்சுவிட இடமில்லை. “ஐயா, என் புள்ள நேத்து காலைல கண்ணைத் தொறந்து என்னை அம்மான்னு கூப்பிட்டான். கூப்பிட வெச்ச மனுஷனை நீங்க வெளிய அனுப்பினா, எங்க புள்ளைங்களை நாங்க கூட்டிட்டுப் போறோம். அப்புறம் உங்க ஆட்சிக்குழுவுக்கு ஹெல்மெட் மாட்டி ஆட விடுங்க!” என்றார். பொழுது சாய்வதற்குள் கோச் தன் நாற்காலியில் இருந்தார். அடுத்த ஆண்டு கார்வர்டேலை அவர்கள் மண்ணிலேயே மண்ணைக் கவ்வவைத்தோம். டெல்டாவின் தாய்மாரெல்லாம் தம் பிள்ளைகளை அவரை நம்பி அனுப்பினார்கள்.

புதிய கோச் லெமுவேல் அவர்களே! சனிக்கிழமை உங்கள் முதல் ஆட்டம். கத்துகிறவர்கள் கத்துவார்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை நீங்கள் உட்காரவைத்தால், உங்கள் பக்கம் நிற்போம் என்று இந்தச் சபை இன்று உறுதி சொல்கிறது. சொல்கிறீர்களா இல்லையா? அப்படிச் சொல்லுங்கள்!

கடைசியாக ஒன்று. ஹோசியா பெட்வே எந்தப் பிள்ளைகளை, “போதும்டா, உக்காரு” என்று உட்காரவைத்தாரோ, அவர்களெல்லாம் எழுந்து நில்லுங்கள். கொர்னீலியஸ், நீதான் முதலில். உன் மகள்களையும் நிற்கச் சொல்லு. அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்... மாடியில்... அட, கதவோரத்திலுமா! சகோதரி வெர்னா, திரும்பிப் பாருங்கள், நன்றாகத் திரும்பிப் பாருங்கள்! இத்தனை பேர் நிற்கும்போது, அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்று எவன் சொல்வான்?