பெயர் வைக்க ஓர் ஆண் ஈ

ஈ மொய்த்த டம்ளரில் நான் டீ குடிக்க மாட்டேன். ஆபீசில் இதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஈக்களைப் பிரித்து, வகைப்படுத்தி, பெயர் வைப்பதுதானே இத்தனை வருஷமாக என் பிழைப்பு. செத்துக் காய்ந்து ஊசியில் நிற்கும் ஈ சுத்தமானது. உயிரோடு இருக்கும்போதுதான் எனக்குக் குமட்டும்.

என் மனைவியின் அண்ணன் லாரி டிரைவர். விபத்தில் இரண்டு காலும் விளங்காமல் போய், எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். படுத்தே கிடந்ததில் முதுகில் புண். நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். முதல் நாள் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்ததுமே மனைவி வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். "என்னால முடியலங்க, நீங்களே பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். கூடப் பிறந்தவளே முகத்தைச் சுளித்தாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கட்டைப் பிரித்தபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. ஒன்றை இடுக்கியால் எடுத்துப்போய் ஆபீஸ் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அதன் பின்முனையில் இருந்த மூச்சுத் துளைகள் எனக்குத் தெரிந்த எந்தப் புழுவோடும் ஒத்துப்போகவில்லை. உலகத்தில் யாருமே பெயர் வைக்காத ஓர் ஈ, என் வீட்டுப் பின்னறையில்.

எங்கள் தொழிலின் தலைவலி இங்கேதான். வெறும் புழுவை வைத்துப் பெயர் சூட்டினால் ஒருவனும் மதிக்க மாட்டான். அது வளர்ந்து, கூடு கட்டி, ஈயாக வர வேண்டும். அதிலும் ஆண் ஈயாக வர வேண்டும். இந்த ஈக் குடும்பத்தில் பெண் ஈக்களெல்லாம் ஒரே அச்சு. ஆணின் பின்னுறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் இனம் பிடிபடும். என்னோடு வேலை செய்யும் சில சோம்பேறிகள் 'இனம் தெரியாத புழு' என்று எழுதிப் பாட்டிலில் போட்டு மூடிவிடுவார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும்.

சில புழுக்களை இறைச்சித் துண்டில் விட்டுப் பார்த்தேன். செத்துப்போயின. அவற்றுக்கு உயிருள்ள சதை வேண்டியிருந்தது. ஆகவே மீதியைப் புண்ணிலேயே விட்டுவைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். தின்று முடித்தவை தாமாக விழுந்து புதைந்துகொள்ளும் என்பதால் கட்டிலையொட்டி ஒரு மணல் தட்டும் வைத்தேன்.

"முதுகுல என்னமோ ஊருது மாப்ள" என்பார்.

"ஆறுற புண்ணு மச்சான், அப்படித்தான் குறுகுறுங்கும்" என்பேன்.

"நீங்க இல்லன்னா நான் நாறிப் போயிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். அதற்கப்புறம் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுவேன்.

மணலில் கூடு கட்டி முதலில் வெளியே வந்த ஈக்கள் எல்லாமே பெண். புண்ணோ ஆற ஆரம்பித்திருந்தது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்டாள். நான் பார்க்காததையா டாக்டர் பார்த்துவிடப் போகிறார் என்று அவள் வாயை அடைத்தேன். பிறகு ஆறிய ஓரங்களைக் கீறிவிட்டேன். ஜன்னல் வலையைக் கழற்றினேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஈக்கள் முட்டையிட வந்து உட்காரும்வரை கதவோரம் நின்றேன்.

காய்ச்சல் வந்தது. பிதற்றினார். ஒரு மத்தியானம் தெளிந்து கண் விழித்தவர், விரிப்பில் ஒன்று நெளிவதைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன புழு மாப்ள?"

அவரிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. "இதுக்கு இன்னும் பேர் வைக்கல மச்சான்" என்றேன்.

"எடுத்துடுங்க மாப்ள" என்று அழுதார். எடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் எடுத்து மணலில் விட்டேன். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் ஆண் ஈ வெளியே வந்தது.

அந்த மணல் தட்டை என் மனைவி ஸ்டேஷனில் உங்கள் மேஜைக்கே கொண்டுவந்துவிட்டாள். அதில் கிடப்பவை காலிக் கூடுகள்தான், ஒன்றும் செய்யாது. நீங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை.

கொன்றேன் என்றே எழுதுங்கள். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அந்த ஈக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். கட்டுரை அச்சாகிவிட்டது, முறைப்படி வைத்த பெயரை இனி எவனாலும் அழிக்க முடியாது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, தங்கை புருஷனால் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?